மரவில்லில் புது வடிவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தில் கையால் வில் செய்கிறவர்கள், சில வில்களை முடித்த பிறகு வேறு வடிவம் தேடத் தொடங்குகிறார்கள். அப்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஐந்து சொற்களை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி லிம்ப். எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. லிம்ப் சீராக வளையும்படி கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கும் வேலை டில்லரிங். நாணைக் கழற்றிய பிறகும் வில்லில் தங்கிவிடும் வளைவு செட்.

1. வழக்கமில்லாத வடிவம்னு எதைச் சொல்றீங்க? அப்போ வழக்கமானது எது?

நேரான, இரண்டு லிம்பும் சமமான வில்லை வழக்கமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வகை அதிகம் செய்யப்படுகிறது. ஒன்று ஒடுக்கமான, வயிறு உருண்ட நெடுவில். மற்றொன்று அகலமான, தட்டையான வில். இவற்றிலிருந்து விலகும் எதையும், அதாவது சமமில்லாத லிம்ப், விறைப்பான முனை, முன்னோக்கி வளைந்த முனை, கோணலான கிளையின் போக்கிலேயே விட்ட வில் போன்றவற்றை இந்தப் பக்கத்தில் புது வடிவம் என்கிறேன்.

உண்மையில் இவற்றில் பல மிகப் பழையவை. தென் அந்தமானின் பழைய வில்கள் துடுப்பு போல அகன்ற லிம்புகளும் எஸ் வடிவ வளைவும் கொண்டவை. ஜப்பானின் யூமி வில்லில் பிடி நடுவில் இருக்காது. டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944-ல் கிடைத்த எல்ம் மர வில்கள் கி.மு. 7000 வாக்கில் செய்யப்பட்டவை. அவையும் இன்றைய பாடப் படங்களில் வரும் வில் மாதிரி இல்லை. சோதனையில் இறங்குவதற்கு முன் இப்படிப்பட்ட பழைய வில்களின் அளவுகளைத் தேடிப் படியுங்கள். யோசனைக்கும் பஞ்சமிருக்காது, என்ன செய்தால் தாங்கும் என்பதும் பிடிபடும்.

2. முதல் வில்லையே புது மாதிரியா செய்யலாமா?

வேண்டாம். ஒரு நேரான தட்டை வில்லை முழு இழுப்பு வரை கொண்டுவந்து, சில நூறு அம்பாவது எய்து பார்த்துவிட்டு வாருங்கள். புது வடிவம் உடைந்தால், வடிவம் சரியில்லையா டில்லரிங் சரியில்லையா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அந்தக் கண் நேரான வில்லில்தான் பழகும்.

3. வில்லை இழுக்கும்போது மரத்துக்குள்ள என்னதான் நடக்குது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள். வில் வளையும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. நடுவில் இரண்டும் இல்லாத ஒரு தளம் இருக்கிறது. அந்தத் தளத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த அளவுக்கு நார் நீளவோ குறுகவோ வேண்டும். அதனால் தடித்த லிம்பும் மெல்லிய லிம்பும் ஒரே அளவு வளைந்தால் தடித்ததற்குத்தான் அதிக வலி. பெரும்பாலான மரங்கள் ஏறக்குறைய 1 சதவீதம் நீண்டாலோ நசுங்கினாலோ தங்கள் எல்லைக்கு வந்துவிடும்.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிம்பின் விறைப்பு அகலத்தோடு நேராகக் கூடும். தடிமனோடு மும்மடிப் பெருக்கத்தில் கூடும். அகலத்தை 10 சதவீதம் கூட்டினால் இழுவிசையும், அதாவது வில்லை இழுத்துப் பிடிக்கத் தேவையான விசையும், 10 சதவீதம்தான் கூடும். தடிமனை 10 சதவீதம் கூட்டினால் 33 சதவீதம் கூடிவிடும். திருப்பிப் பார்த்தால், தடிமனை 20 சதவீதம் குறைத்துவிட்டுப் பழைய இழுவிசையே வேண்டுமென்றால் அகலத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்க வேண்டும். அப்படிச் செய்தால் நாரின் வலி 20 சதவீதம் குறையும். மரத்தைக் காப்பாற்ற அகலம், இழுவிசையைத் திருத்த தடிமன் என்று நினைவில் வையுங்கள்.

மூன்றாவது விஷயம் எடை. நாணை விட்டதும் வில்லில் சேர்ந்த ஆற்றல் அம்புக்கு மட்டும் போவதில்லை, லிம்பும் வேகமெடுக்க வேண்டும். முனைதான் அதிக தூரம், அதிக வேகத்தில் நகர்கிறது. அதனால் முனையில் இருக்கும் சில கிராம், பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் அதே சில கிராமை விடப் பல மடங்கு கெடுதல். எந்தப் புது வடிவத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: வலி எங்கே சேருகிறது? எடை எங்கே சேருகிறது? இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் அந்த வடிவத்தைச் செய்யலாம்.

4. எந்த மரம் எடுக்கணும்? கடையில வாங்குற பலகை போதுமா?

போதும், ஆனால் மரத்தின் பெயரை விட நாரின் ஓட்டம் முக்கியம். பலகையின் முகத்திலும் பக்கத்திலும் ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓரத்தில் வெளியேறாமல் ஓட வேண்டும். நடுவழியில் வெளியேறும் ரேகைதான் முதுகில் முதலில் எழும்பும். பிளந்தெடுத்த கட்டையாக இருந்தால், ஒரே ஆண்டு வளையத்தை முதுகு முழுக்க அறுபடாமல் வைத்துக்கொள்வது நல்லது.

யூ, ஹிக்கரி, ஆஷ், எல்ம், ஓசேஜ் ஆரஞ்சு ஆகியவை பேர் பெற்றவை. மூங்கில் எல்லாவற்றிலும் தனி: வெளித்தோலுக்குப் பக்கத்தில்தான் நார் மிக அடர்த்தி, உள்ளே போகப் போகக் குறையும். அதனால் தோல் பக்கத்தை முதுகாக வைத்து, உள்பக்கத்தை மட்டும் சீவ வேண்டும். முதுகில் உள்ள கணுக்களை அழகுக்காகச் சமமாகத் தேய்த்துவிடாதீர்கள். அங்கே நார் அறுந்துவிடும்.

ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் பெரும்பாலான மரங்கள் நன்றாக வேலை செய்யும். ஈரமான மரம் செட் வாங்கும். மிகவும் காய்ந்த மரம் சட்டென்று ஒடியும்.

5. குட்டையா செஞ்சா அம்பு வேகமா போகும்னு சொல்றாங்களே?

லிம்பின் எடை குறைவதால் ஓரளவு உண்மை. ஆனால் அதே இழுப்புக்குக் குட்டை லிம்ப் அதிகமாக வளைய வேண்டும். 3-வது பதிலில் சொன்ன 1 சதவீத எல்லை உடனே வந்துவிடும். மரமே நசுங்கிச் செட் வாங்கிவிட்டால் கிடைத்த வேகமும் போய்விடும். கூடவே, இழுப்பின் கடைசியில் நாணுக்கும் முனைக்கும் இடையிலான கோணம் பெரிதாகி, இழுவிசை திடீரென ஏறும்.

வளையும் பகுதியின் நீளம் இழுப்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். 28 அங்குலம் இழுப்பவருக்கு 56 அங்குலம் வளைய வேண்டும். விறைப்பான பிடியும் அதை ஒட்டிய சரிவுகளும் சேர்ந்து 8 அங்குலம் என்றால் மொத்தம் 64 அங்குலம். சோதனை வில்லுக்கு இன்னும் 2 அங்குலம் கூட்டுவேன்.

மத்திய ஆசியக் குட்டை வில்கள் எப்படித் தாங்கின என்று அடுத்த கேள்வி வரும். அவற்றின் வயிறு கொம்பு, முதுகு விலங்கின் தசைநாண், நடுவில் மட்டும் மரம். கொம்பு மரத்தைப் போலப் பல மடங்கு நசுங்கித் திரும்பும். அந்த வெளிவடிவத்தை அப்படியே தனி மரத்தில் செதுக்கினால் உடையும்.

6. முனையை எவ்வளவு ஒல்லியாக்கலாம்? அந்த டென்மார்க் வில் மாதிரி செய்ய ஆசை.

பலர் ஹோல்மகார்ட் என்று சொல்லிச் செய்வது, உள்ளே அகன்று, வெளியே தோள்பட்டை வைத்துச் சட்டென ஒடுங்கும் வடிவம். அந்த வடிவம் உண்மையில் அதே நாட்டின் மொல்லெகபெட் வில்லுக்குத்தான் நெருக்கம். உள் லிம்ப் மட்டும் வளையும். வெளிப்பகுதி நெம்புகோல் போல விறைப்பாக நிற்கும். முனை எடை குறைவதால் இது நல்ல யோசனை. முதலில் செய்து பார்க்க நான் பரிந்துரைக்கும் புது வடிவமும் இதுவே.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 66 அங்குல வில்லில் பிடிக்கு 8 அங்குலம் போனது. ஒவ்வொரு முனையிலும் 7 அங்குலம் விறைப்பு என்றால் மொத்தம் 14 போனது. வளைய மிச்சம் 44 அங்குலம்தான். அந்த 44 அங்குலம் எல்லா வலியையும் தாங்க வேண்டும். ஆகவே உள் லிம்பை 50 முதல் 60 மி.மீ. வரை அகலமாக்கி, மெல்லியதாக வையுங்கள். விறைப்பு நீளத்தை முதல் முறை 5 அங்குலத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம்.

விறைப்பான பகுதி ஒல்லியாகவும் அதே நேரத்தில் தடிமனாகவும் இருக்க வேண்டும். தடிமன்தான் விறைப்பு தரும் என்பதால் அகலத்தை 10 முதல் 12 மி.மீ. வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் நாண் சிறிது ஒருபக்கம் சாய்ந்தாலும் முனை பக்கவாட்டில் திரும்பிவிடும். முதலில் 15 மி.மீ.யில் நிறுத்தி, முழு இழுப்பில் நாண் நேராக ஓடுவதைப் பார்த்த பிறகு பக்கங்களைக் குறையுங்கள். தோள்பட்டையைச் செங்குத்தாக வெட்டாமல் 2 அங்குல நீளத்தில் சரித்து இறக்குங்கள். சட்டென்ற மாற்றம் உள்ள இடத்தில்தான் வலி குவியும்.

7. டில்லரிங் செய்யும்போது வளைவு எப்படி இருந்தா சரி? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

அவரவர் வைத்திருக்கும் முகப்பு வடிவம், அதாவது முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் வடிவம், வேறு என்பதால் வரும் குழப்பம் இது. பிடியிலிருந்து முனை வரை அகலம் ஒரே சீராகக் குறைந்து, தடிமன் மாறாமல் இருக்கும் வில்லைப் பிரமிடு வில் என்பார்கள். அது வட்டத்தின் ஒரு துண்டு போல வளைய வேண்டும். அகலம் மாறாமல் தடிமன் மட்டும் குறையும் லிம்பில் வெளிப்பகுதி மெல்லியது. மெல்லியது அதிகம் வளையலாம். ஆகவே அங்கே வளைவு முனைப் பக்கம் கூடுதலாகி, நீள்வட்டம் போல வரும். 6-வது பதிலின் நெம்புகோல் வில்லில் வெளிப்பகுதி வளையவே கூடாது.

உங்கள் வடிவம் இவை எதிலும் சேரவில்லை என்றால் விதி ஒன்றுதான்: தடிமன் எங்கே அதிகமோ அங்கே வளைவு குறைய வேண்டும், எங்கே குறைவோ அங்கே கூடலாம். சுவரில் வளைவுக்கான கோடு வரைந்து வைத்து, அதன்முன் கப்பியும் கயிறும் போட்டு இழுத்துப் பார்ப்பது மிகவும் உதவும். நீங்கள் விரும்பும் இழுவிசைக்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்காதீர்கள். 35 பவுண்டு வில் வேண்டுமென்றால், நாண் 15 அங்குலம்தான் வந்திருந்தாலும் தராசு 35 காட்டியவுடன் நிறுத்திச் சீவுங்கள். ஒவ்வொரு முறை சீவிய பிறகும் சிறிய இழுப்பாகப் பலமுறை இழுத்துவிட்டுப் பாருங்கள். சீவியதன் விளைவு அப்புறம்தான் தெரியும்.

8. மேல் லிம்ப் நீளமா, கீழ் லிம்ப் குட்டையா வைக்கலாமா?

வைக்கலாம். யூமியின் வழக்கமான நீளம் சுமார் 221 செ.மீ.; பிடி கீழிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்தோ குதிரை மேலிருந்தோ எய்கிறவருக்குக் கீழ் லிம்ப் இடிக்காது. அதே நேரம் மொத்த நீளம் அதிகம் என்பதால் நீண்ட இழுப்பும் தாங்கும்.

கீழ் லிம்ப் குட்டை என்பதால் அது அதிகமாக வளைய வேண்டியிருக்கும், சமநிலையும் மாறும். இங்கே அளவுகோலை நம்பாமல், நிஜத்தில் நீங்கள் பிடிக்கும் புள்ளியில் வில்லைத் தாங்கி, நாணில் விரல் படும் அதே இடத்தில் கொக்கி போட்டு இழுங்கள். வில் கையில் முன்னும் பின்னும் ஆடாமல் நின்றால் இரண்டு லிம்பும் ஒத்துழைக்கின்றன. மேல் முனை பின்னால் வந்து கீழ் முனை முன்னால் போனால் மேல் லிம்ப் விறைப்பு, அதைச் சீவுங்கள். நாணின் நடுவில் கொக்கி போட்டு டில்லரிங் செய்தால் சமமில்லாத வில் ஒருபோதும் அமையாது.

9. கோணல் கிளை, கணு உள்ள கட்டை எல்லாம் வில்லாகுமா?

ஆகும், அழகாகவும் ஆகும். நாரை வெட்டி நேராக்க முயலாமல், நார் போகும் போக்கிலேயே வில்லின் ஓரக் கோட்டை வரையுங்கள். பாம்பு போல நெளிந்து போகும் முகப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு முனையையும் இணைக்கும் நாண் பிடியின் மேலாகக் கடந்து சென்றால் போதும். சற்று விலகினால், பிடிக்குப் பக்கத்தில் ஆவி காட்டிப் பக்கவாட்டில் வளைத்துச் சரிசெய்யலாம். பிடியில் ஒரு சிறு திருத்தம் முனையில் பெரிதாகத் தெரியும்.

கணு உள்ள இடத்தில் நார் அதைச் சுற்றிக்கொண்டு போகும். அந்தச் சுற்றும் நாரை அறுக்காமல், அங்கே மட்டும் லிம்பைக் கொஞ்சம் அகலமாக விடுங்கள். முதுகில் கணு மேடாக இருந்தால் மேடாகவே இருக்கட்டும். கெட்டுப்போன கணுவைத் தோண்டி எடுத்தால் ஓட்டை விழும். இருபுறமும் நல்ல நார் இருந்தால் ஓட்டையோடேயே வில் வேலை செய்யும். அந்த இடம் ஒரு சிறிதும் அதிகம் வளையாதபடி சற்றுத் தடிமன் விட்டால் போதும்.

மேடு பள்ளமாக ஓடும் கட்டையில் டில்லரிங் பார்ப்பதுதான் கடினம். நாண் இல்லாத நிலையில் வில்லின் பக்கத் தோற்றத்தை ஒரு நீளத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். வளைத்த பிறகு இதோடு ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். முன்பே உள்ளே வளைந்திருந்த இடம் இழுக்கும்போது கீல் போலத் தெரியும், உண்மையில் அங்கே ஒன்றும் வளைந்திருக்காது. நீங்கள் தேட வேண்டியது மாற்றத்தை.

10. முனையை முன்பக்கம் வளைச்சா என்ன லாபம்?

நாண் ஏற்றியதுமே லிம்ப் ஓரளவு வளைந்து காத்திருக்கும். அதனால் இழுப்பின் தொடக்கத்திலேயே விசை கூடுதலாகக் கிடைக்கும். கடைசியில் நாண் கோணம் சிறிதாக இருப்பதால் இழுப்பும் மென்மையாக முடியும். மொத்தத்தில் அதே உச்ச இழுவிசைக்கு அதிக ஆற்றல் சேரும். இதற்கு விலை நடு லிம்பில் கூடும் வலி, முனையில் கூடும் எடை, பக்கவாட்டில் திரும்பும் ஆபத்து. மூன்றையும் மேலே பார்த்துவிட்டோம்.

ஆவியில் வளைக்க, 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. அச்சில் வைத்து இறுக்கி, முழுக்கக் காயும் வரை எடுக்காதீர்கள். சூளையில் உலர்த்திய பலகையை விட, இயற்கையாக உலர்ந்த மரம் ஆவிக்கு நன்றாக இணங்கும். வளைவின் வெளிப்பக்கம் பிளக்காமல் இருக்க மெல்லிய உலோகப் பட்டை ஒன்றைச் சேர்த்து இறுக்குங்கள்.

மிதமான வழியும் உண்டு. பிடிக்குப் பக்கத்தில் லிம்பை எய்பவர் பக்கம் சற்றுச் சாய்த்து, வெளிப்பாதியை முன்னோக்கி வளைப்பது. முனைகள் ஏறக்குறைய பிடியின் கோட்டிலேயே வந்து நிற்கும். மரத்துக்கு வலி குறைவு, இழுப்பு மென்மை, எய்யும்போது கை அதிராது. முனை முன்னோக்கி வளைந்த வில்லில் (ரீகர்வ்) ஆசை உள்ளவர்கள் இதிலிருந்து தொடங்கினால் நிறைய மரம் மிச்சமாகும் என்பது என் கருத்து.

11. ஒரு வில்லுக்கு முன்னாடி இன்னொரு சின்ன வில்லைக் கட்டிய படம் பார்த்தேன். அது வேலை செய்யுமா?

செய்யும். வட அமெரிக்காவின் பெனாப்ஸ்காட் மக்களோடு சேர்த்துச் சொல்லப்படும் இரட்டை வில் அது. பெரிய வில்லின் முதுகுப் பக்கம் சின்ன வில்லைப் பிடியில் கட்டி, இரண்டின் முனைகளையும் கயிற்றால் இணைப்பார்கள். பெரிய வில்லை இழுக்கும்போது அதன் முனைகள் பின்னால் வந்து கயிற்றை இழுக்க, சின்ன வில்லும் வளையும். இரண்டு வில்லின் லிம்புகளும் மெல்லியதாக இருக்கலாம் என்பதே லாபம். மெல்லியதற்கு வலி குறைவு என்று 3-ல் பார்த்தோம். கயிற்றின் இறுக்கத்தை மாற்றி இழுவிசையை ஏற்றி இறக்கவும் முடியும்.

வேகத்துக்காக இதைச் செய்ய வேண்டாம். நகரும் பொருள் கூடிவிடுகிறது. ஆனால் சோதனை ஆசை உள்ளவருக்கு இதைப் போலப் பாடம் சொல்லும் வில் குறைவு. பெரிய வில்லைத் தனியாக முழு இழுப்பு வரை டில்லரிங் செய்து முடித்த பிறகே சின்னதைக் கட்டுங்கள். கயிறு நீளாததாக இருக்கட்டும், முனைகளில் அது அறுக்காதபடி கெட்டியான மரத்துண்டு ஒட்டுங்கள். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் முதுகில் தசைநாண் கயிறுகளை ஓடவிட்டு, கடலில் மிதந்து வந்த பலமற்ற மரத்தைக்கூட வில்லாக்கினார்கள். அதுவும் இதே குடும்பத்து யோசனைதான்.

12. முதுகுல எதையாவது ஒட்டிட்டா எந்த வடிவமும் தாங்கும்தானே?

இல்லை. முதுகில் ஒட்டுவது முதுகுக்கு மட்டும்தான் உதவும். துணி, பட்டு, மெல்லிய தோல் ஆகியவை நார் எழும்பாமல் அழுத்திப் பிடிக்கும். ரேகை சற்றுச் சந்தேகமான பலகைக்கு நல்ல காப்பு. மூங்கில் பட்டையும் ஹிக்கரிப் பட்டையும் முதுகு இழுபடும் விசையை உண்மையாகவே சுமக்கும்.

பிரச்சினை வயிற்றில். குறையில்லாத மரம் பெரும்பாலும் நசுங்குவதை விட இழுபடுவதைத்தான் நன்றாகத் தாங்கும். இரண்டு மடங்கு வித்தியாசம் சாதாரணம். ஏற்கெனவே பலமான முதுகில் இன்னும் பலமான மூங்கிலை ஒட்டினால், நடுத்தளம் முதுகுப் பக்கம் நகர்ந்து வயிற்றுக்கு வலி கூடும். அதற்கு மாற்று, முதுகை வயிற்றை விட ஒடுக்கமாக்கிக் குறுக்குவெட்டைச் சரிவகமாக்குவது. முதுகின் பங்கு குறைந்து வயிற்றின் பாரம் இறங்கும், எடையும் குறையும். மூங்கில் பட்டையை நடுவில் 3 மி.மீ. அளவுக்கு மெல்லியதாக்கி ஒட்டுவதும் இதனால்தான்.

ஒட்டும்போதே முதுகுப் பட்டையையும் வயிற்று மரத்தையும் முன்னோக்கி வளைத்து அச்சில் இறுக்கி ஒட்டினால் அந்த வளைவு அப்படியே நிற்கும். செட் வரும் அளவை இது ஈடுகட்டும். தனி மரத்தில் துணியாத வடிவங்களை இந்த முறையில் முயன்று பார்க்கலாம்.

13. வயிற்றை நெருப்பில் வாட்டுறாங்களே, அது எதுக்கு?

நசுங்கும் பக்கம் மட்டும் சூடேற்றினால் அந்த மரம் விறைத்து, செட் வாங்குவது குறையும். ஹீட் கன் கொண்டு வயிற்றை மெதுவாகத் தேன் நிறம் வரும் வரை வாட்டுங்கள். முதுகுக்குச் சூடு போகவே கூடாது. வாட்டிய மரம் ஈரத்தை இழந்திருக்கும். சில நாள் அப்படியே வைத்து, காற்றிலிருந்து ஈரம் திரும்பிய பிறகே வளையுங்கள்.

14. கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுட்டு நேரா வெட்டிடலாமே?

அகலமும் தடிமனும் தொடங்க எங்கே நிற்கலாம் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஒரே மரத்தின் இரண்டு பலகைகளுக்குள்ளேயே விறைப்பு மாறும். 3-ல் சொன்ன மும்மடி விதியால் 12 மி.மீ. தடிமனில் அரை மி.மீ. பிசகினாலே விறைப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மாறிவிடும். டில்லரிங்கைத் தவிர்க்க வழியில்லை.

கணக்கை விட எனக்குப் பிடித்தது பாதி அளவு மாதிரி. நீளம், அகலம், தடிமன், இழுப்பு எல்லாவற்றையும் பாதியாக்கி, அதே மரத்தில் செய்யுங்கள். நாரின் வலி முழு வில்லில் வருவதேதான் இதிலும் வரும். இழுவிசை மட்டும் நாலில் ஒரு பங்காகும். 40 பவுண்டு வில்லின் பாதி மாதிரி 10 பவுண்டு இழுக்கும். புது வடிவம் எங்கே செட் வாங்கும், எங்கே திரும்பும், நாண் எங்கே விலகும் என்பதை ஒரு சின்னக் குச்சியில் பார்த்துவிடலாம். ஆண்டு வளையம் மட்டும் பாதியாகாது என்பதால் நெருக்கமான வளையமுள்ள துண்டைத் தேர்ந்தெடுங்கள்.

15. என் வடிவம் நல்லா வந்திருக்கானு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதல் சாட்சி செட். வேலை தொடங்கும் முன்னும், ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் நாணைக் கழற்றி, முதுகில் நேர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். முனை 1 அங்குலத்துக்குள் பின்னால் வந்திருந்தால் நன்றாக வந்திருக்கிறது. 2 அங்குலம் என்றால் வடிவம் மரத்திடம் அதிகம் கேட்கிறது. செட் லிம்ப் முழுக்கப் பரவியிருக்கிறதா, ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குவிந்த இடமே அடுத்த வில்லில் அகலமாக்க வேண்டிய இடம்.

இரண்டாவது வேகம். அதே அம்பு, அதே இழுப்பு, அதே நாண் வைத்துப் பழைய நேரான வில்லோடு ஒப்பிடுங்கள். இழுவிசையில் பவுண்டுக்கு 10 கிரெயின் எடையுள்ள அம்பு வழக்கமான அளவு. 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம். 28 அங்குல இழுப்பில் தனிமர வில் இந்த அம்பை நொடிக்கு 150 அடி வேகத்தில் அனுப்பினால் திருப்தியாக இருக்கலாம். புது வடிவம் நேரான வில்லை விட மெதுவாக எய்து, செட்டும் அதிகம் வாங்கினால் அடுத்த வில்லில் அதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அகலம், நீளம், முனை எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாமல் போகும்.

16. உடைஞ்ச வில்லைப் பார்த்து என்ன தெரிஞ்சுக்கலாம்?

நிறைய. தூக்கி எறியாதீர்கள். முதுகில் நீளமான சிலும்பு எழும்பி உடைந்திருந்தால் நார் வெளியேறிய இடம் அது. மரத் தேர்வில் குறை, 4-வது பதிலுக்குப் போங்கள். வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்தால் அந்த இடம் நசுங்கித் தோற்றிருக்கிறது. அகலம் போதவில்லை, அல்லது டில்லரிங்கில் அங்கே கீல் விழுந்திருக்கிறது. சிலும்பே இல்லாமல் முள்ளங்கி போலக் குறுக்காக ஒடிந்தால் மரம் மிகக் காய்ந்ததாகவோ உளுத்ததாகவோ இருக்கலாம். ஒட்டிய இடம் பிரிந்து, பசை பளபளவென்று தெரிந்தால் அது ஒட்டு வேலையின் குறை, வடிவத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

உடைந்த இடத்தில் அகலத்தையும் தடிமனையும் அளந்து, வில்லின் மேலேயே எழுதி வையுங்கள்.

17. சின்னதா ஒரு விரிசல் தெரியுது. ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாமா?

முதுகில் குறுக்காக இருந்தால் இழுக்கவே கூடாது. நாரோடு ஒட்டி நீளவாக்கில் ஓடும் உலர்ச்சி விரிசல் பெரும்பாலும் ஆபத்தில்லை. மெல்லிய பசையை உள்ளே ஓடவிட்டு, நூலால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். முதுகில் சிலும்பு எழும்பத் தொடங்கினால், அதன் கீழ் பசை விட்டு, இருபுறமும் 1 அங்குலம் தாண்டிச் சுற்றி, வில்லின் இழுவிசையையும் குறைத்துவிடுங்கள். வயிற்றுச் சுருக்கக் கோட்டுக்குப் பசை உதவாது. அதன் இருபுறமும் உள்ள மரத்தைச் சீவி அந்த இடத்தின் பாரத்தைக் குறைப்பதுதான் வழி.

புது வடிவம் எந்தப் பக்கம் உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டில்லரிங்கில் கப்பியின் கயிறு நீளமாக இருக்கட்டும்; வில்லின் தளத்திலிருந்து விலகி நின்று இழுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், வேறு யாரையும் பக்கத்தில் நிற்க விடாதீர்கள். அம்பில்லாமல் இழுத்து நாணை விடக் கூடாது. அம்பு வாங்க வேண்டிய ஆற்றல் முழுவதும் லிம்பிலேயே திரும்பும்.

18. வில் நல்லா வந்திருச்சு. இன்னும் கொஞ்சம் முனையைச் சீவினா இன்னும் வேகமாகுமா?

ஆகும், ஆனால் முன்னால் சில நூறு அம்பு எய்துவிட்டு வாருங்கள். புது வில் அந்தக் காலத்தில் இழுவிசையில் ஓரிரு பவுண்டு இழப்பது இயல்பு. லிம்ப் வளையும் விதமும் சற்று மாறலாம். அது நிலைத்த பிறகு முனையின் பக்கங்களை மட்டும், இரண்டு பக்கமும் சமமாக, உப்புத்தாளால் குறையுங்கள். வயிற்றையும் முதுகையும் தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும் முழு இழுப்பில் நாண் லிம்பின் நடுக்கோட்டில் ஓடுகிறதா என்று பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாண் ஒரு பக்கம் நகரத் தொடங்கினால் அந்த முனையில் வேலை முடிந்தது, எண்ணெய் பூசிவிடலாம்.